டார்ச் வைத்த போன்

2005ஆம் ஆண்டு நோக்கியா விற்ற நூறு கோடியாவது கைப்பேசி நைஜீரியாவில் ஒருவர் கைக்குப் போனது. கேமரா வைத்தது, சின்ன கம்ப்யூட்டர் மாதிரி மடித்துத் திறப்பது என்று விலை கேட்டாலே பயம் வரும் போன்களும் அப்போது நோக்கியாவிடம் இருந்தன. நைஜீரியாவில் விற்றது அவற்றில் ஒன்றல்ல, 1100. கறுப்பு வெள்ளைத் திரை, நான்கு வரி எழுத்து, தலையில் ஒரு டார்ச்.

அது வெளிவந்தது 2003இன் பிற்பாதியில். இந்தியாவில் அதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அந்த ஆண்டு மே மாதம் வரை, யாராவது நம்மைக் கைப்பேசியில் அழைத்தால் அதற்கும் நாம்தான் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்கமிங் இலவசமானதும் பிளம்பர், ஆட்டோக்காரர், மீன் வியாபாரி எல்லோருக்கும் போன் தொழிலுக்கான சாமான் ஆகிவிட்டது. பேசக் காசில்லையென்றால் மிஸ்டு கால் கொடுத்தால் போதும்.

பல்கேரியாவில் வேர் கொண்ட அமெரிக்கர் டிமித்ரே மெஹாஞ்சிஸ்கி, கலிபோர்னியாவில் இருந்த நோக்கியா வடிவமைப்பு மையத்தில் உருவாக்கிய போன் அது. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள். பொத்தான்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே ரப்பர் விரிப்பாக இருந்ததால் இடுக்கில் தூசி இறங்காது. பக்கவாட்டில் சொரசொரப்பு இருந்ததால் வியர்த்த கையிலிருந்தும் நழுவாது. ‘சி’ பொத்தானை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும். 2008க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட வருடங்களில், பேசியதைவிட டார்ச்சுக்காகவே அந்தப் போனை அதிகம் எடுத்தவர்கள் இருந்தார்கள். கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் தெறிக்கும். விழுந்த அடி அப்படிப் பிரிந்து போனதும் அது பிழைத்ததற்கு ஒரு காரணம். மூன்றையும் பொறுக்கிச் சேர்த்து அமுக்கினால் திரை மறுபடி எரியும்.

இந்த மாடல் மட்டும் உலகம் முழுக்க 25 கோடி அளவுக்கு விற்றது. நோக்கியா மீது மக்களுக்கு அன்பு, பாசம் என்று இப்போது எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். நம் ஊரில் அது பெரும்பாலும் கணக்கு. பஸ் நிலையத்து டீக்கடையிலும் அத்தையின் வீட்டிலும் நோக்கியா சார்ஜர் இருக்கும். பேனல் தேய்ந்தால் தெருமுனைக் கடையில் குறைந்த செலவில் புதுசு போட்டுத் தருவார்கள், கீபேட் ரப்பரும் கிடைக்கும். இரண்டு வருடம் கழித்து விற்றாலும் நல்ல விலை நிற்கும். மகன் புதுசு வாங்கினால் பழசு அப்பாவுக்குப் போகும், அவரிடமிருந்து ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கு. “நோக்கியான்னா உழைக்கும்” என்று சொன்னவர் இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் சொன்னார். பின்லாந்தில் நோக்கியா என்று ஓர் ஊர் இருப்பதோ, அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் காகிதமும் ரப்பர் பூட்ஸும் செய்ததோ அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தக் கணக்கு எவ்வளவு உறுதி என்பது 2007 ஆகஸ்டில் தெரிந்தது. ஜப்பானின் மட்சுஷிடா தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. இந்தியாவில் பீதி பரவியது. டிவிக்காரர்கள் ‘வெடிக்கும் போன்’ என்று ஓட்டினார்கள். சர்வீஸ் சென்டர் வாசலில் பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. கோளாறான பேட்டரியை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி சொன்னது. கொஞ்ச நாளில் பேச்சு அடங்கியது, விற்பனை தொடர்ந்தது.

ஜெர்மனியில் கதை வேறு மாதிரி போனது. 2008 ஜனவரியில், போஹும் நகரத் தொழிற்சாலையை மூடிவிட்டு வேலையை ருமேனியாவுக்குக் கொண்டுபோவதாக நோக்கியா அறிவித்தது. சுமார் 2,300 பேருக்கு வேலை போகும். கம்பெனிக்கு அப்போது லாபத்துக்குக் குறைவில்லை, ஆத்திரத்துக்குக் காரணமும் அதுதான். நுகர்வோர் பாதுகாப்பு அமைச்சர் ஹோர்ஸ்ட் சேஹோஃபர், சமூக ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் பீட்டர் ஷ்ட்ருக் போன்றவர்கள் தங்கள் நோக்கியா போனை இனிமேல் தொட மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். கொடுத்த மானியத்தை மாநில அரசு திருப்பிக் கேட்டது. போனில் குறை சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை, கோபமெல்லாம் கம்பெனி மேல்.

மூடிய அந்த போஹும் ஆலையிலிருந்துதான் 1100இன் வாழ்க்கையில் மிக விநோதமான அத்தியாயம் கிளம்பியது. 2009இல், போஹுமில் செய்த 1100 போன்களைத் திருட்டுக் கும்பல்கள் தேடி வாங்குவதாக ஒரு டச்சு துப்பறியும் நிறுவனம் சொன்னது. அவற்றின் மென்பொருளில் உள்ள ஓட்டையால், வங்கி இன்னொருவருக்கு அனுப்பும் ரகசிய எண்ணை இந்தப் போனில் வாங்கிவிடலாம் என்பது அந்தக் கும்பல்களின் நம்பிக்கையாம். ஒரு போனுக்கு 25,000 யூரோ வரை பேரம் நடந்ததாகச் செய்தி வந்தது. அப்படி எந்தக் கோளாறும் தங்களுக்குத் தெரியாது என்று நோக்கியா சொன்னது. பழைய ரேடியோவுக்குள் ரெட் மெர்குரி என்ற விலைமதிப்பற்ற பொருள் இருக்கிறது என்று நம் பக்கத்தில் அலைந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனாலும் டார்ச் போனுக்குக் கார் விலை என்பது கொஞ்சம் அதிகம்தான்.

அதே 2009இல் இன்டர்பிராண்டு நிறுவனம் போட்ட, உலகின் மதிப்புமிக்க பிராண்டுகளின் பட்டியலில் நோக்கியாவுக்கு ஐந்தாம் இடம். நான்கே வருடத்தில், 2013இல், அது 57ஆம் இடத்தில் இருந்தது. இதற்குக் காரணம் ஐபோன் என்பது உலகக் கதை, உண்மையும்கூட. நம் தெருவில் முதல் அடி அதற்கும் முன்பே வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. பர்மா பஜாரிலும் சின்ன ஊர்க் கடைகளிலும் ‘சைனா செட்’, ‘கொரியன் செட்’ என்று வந்திறங்கிய போன்களில் இரண்டு சிம் போடலாம். பாட்டுப் போட்டால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். உழைக்காது என்று தெரிந்தேதான் வாங்கினார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பேச்சுக் கட்டணம் மாறியதால் இரண்டு சிம் இருந்தால் மாதச் செலவு குறைந்தது. நோக்கியா இரண்டு சிம் போன்களை ஒழுங்காக இறக்க 2010, 2011 ஆகிவிட்டது. தன் பெயருக்காக மக்கள் காத்திருப்பார்கள் என்று அது எண்ணியிருந்தால், அது தப்புக் கணக்கு. கணக்குப் பார்த்து வாங்கியவர்கள் கணக்குப் பார்த்தே போனார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் இதற்கு நடுவில் வருகிறது. 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலையில் நேரடியாகவே பல ஆயிரம் பேர் வேலை செய்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். சுற்றுவட்டாரத்தில் ‘நோக்கியாவில் வேலை’ என்றால் கல்யாணப் பேச்சில்கூட மதிப்பு. 2010இல் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தபோது அந்த மதிப்புக்குப் பின்னால் இருந்த வேகமும் இலக்கும் கொஞ்ச நாள் வெளியே பேசப்பட்டன. 2013இல் வருமான வரித் துறை சுமார் 2,000 கோடி ரூபாய் வரி கேட்டது. 2014 ஏப்ரலில் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. போஹும் மாதிரி இங்கே எந்த அமைச்சரும் போனைத் தூக்கிப் போடவில்லை. பலரது கையில் அதற்குள் வேறு போன் வந்துவிட்டிருந்தது.

பெயர் பிழைத்துக் கிடந்தது. 2016இல் எச்எம்டி என்ற பின்லாந்துக் கம்பெனி அந்தப் பெயரை உரிமம் வாங்கிப் போன் விற்கத் தொடங்கியது. அடுத்த வருடம் பழைய 3310ஐப் புதுப்பித்து இறக்கியபோது உலகப் பத்திரிகைகள் பூரித்தன. நம் கடைகளில் அதைவிட ஓசையில்லாமல் ஓடியது 105 போன்ற பட்டன் போன்கள்தான், தலையில் டார்ச்சுடன். நோக்கியாவின் பழைய ஆலையை, ஒரு காலத்தில் அதே வளாகத்தில் நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்துகொண்டிருந்த சால்காம்ப் வாங்கிக்கொள்வதாக 2019இல் அறிவிப்பு வந்தது. அந்த சால்காம்ப் இப்போது ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்யும் நிறுவனம்.

பிஎல்-5சி பேட்டரியும் சாகவில்லை. சின்ன எஃப்எம் ரேடியோவிலும் கையடக்க ஸ்பீக்கரிலும் இன்று போடுவது அதே அளவு பேட்டரிதான். கடையில் தொங்கும் பாக்கெட்டில் பாதிக்கு மேல் யார் யாரோ செய்தவை. சிலவற்றில் நோக்கியா என்றும் அச்சடித்திருக்கும். அசலா போலியா என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை, எத்தனை நாள் சார்ஜ் நிற்கும் என்றுதான் கேட்கிறார்கள்.