போய்விட்டுத் திரும்பி வருவீர்களா?

எங்களில் ஒருத்தி தெல்தோட்டைக்காரி. பிரித்தானியாவில் முதுகலை படிக்கிறாள். போன வருஷம் ஐரோப்பிய நாடொன்றில் பெருந்தோட்ட வரலாறு பற்றி மூன்று நாள் கருத்தரங்கு நடந்தது. அவளுடைய கட்டுரையைத் தெரிவு செய்திருந்தார்கள். தங்குமிடமும் ஏற்பாடாகியிருந்தது. விசா மட்டும் கிடைக்கவில்லை.

நிராகரிப்புக் கடிதம் என்பது ஒரு படிவம்தான். காரணங்கள் வரிசையாக அச்சடித்திருக்கும், பொருந்துகிற கட்டத்தில் புள்ளடி போட்டு அனுப்புவார்கள். அவளுக்கு விழுந்த புள்ளடியின் சாரம் இது: விசா முடிவதற்குள் நீங்கள் எங்கள் நாட்டை விட்டுப் போவீர்கள் என்பதில் எங்களுக்கு நியாயமான சந்தேகம் இருக்கிறது.

அன்றிரவு வட்ஸ்அப்பில் நாங்கள் நிறைய நேரம் கதைத்தோம். முதலில் கோபம், பிறகு கேலி. கடைசியில் அவள் ஒன்று சொன்னாள்: "எங்க பாட்டன்கிட்ட கேட்டதும் இதே கேள்விதான்டா. என்ன, திருப்பிப் போட்டுக் கேட்டாங்க." இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்திலிருந்து வந்தது.

விசா விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிரித்தானியாவில் மாணவ விசாவில் இருப்பவருக்கு அந்த விசா அந்த ஒரு நாட்டுக்கு மட்டும்தான். பக்கத்து நாட்டுக்கு நாலு நாள் போவதென்றாலும் இலங்கை பாஸ்போர்ட்காரர் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் எந்த 180 நாட்களை எடுத்தாலும் 90 நாட்கள் வரை தங்கலாம். இதற்காக இலங்கைக்குத் திரும்ப வேண்டியதில்லை. சட்டப்படி படித்துக்கொண்டிருக்கும் நாட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, ஆகக் கடைசி 15 நாட்களுக்கு முன்பு வரை கொடுக்கலாம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மறுத்தால் காசு திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு விபரம், பல்கலைக்கழகக் கடிதம், போய்வரும் பயணப் பதிவு எல்லாம் வேண்டும்.

இவை எல்லாம் அவளிடம் இருந்தன. சிக்கல் வேறு இடத்தில். "உங்களுக்குச் சொந்த நாட்டோடு என்ன பிணைப்பு?" என்று பார்க்கிறார்கள். வீடு, காணி, நிரந்தர வேலை. லயத்தில் பிறந்தவள் எந்த உறுதியைக் கொண்டுவந்து காட்டுவாள்? மூன்று தலைமுறையாக இருந்த அறை தோட்டத்துக்குச் சொந்தம். அம்மா நட்ட கறிவேப்பிலை மரம் நிற்கிற நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கண்டியிலிருந்து பஸ்ஸில் கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போனால், அந்தப் பக்கத்து மலையில்தான் லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கையில் வணிகத் தேயிலைத் தோட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். டெய்லர் 1852இல், பதினாறு பதினேழு வயதில் வந்தவர். ஊருக்குத் திரும்பவே இல்லை. 1892இல் இங்கேயே செத்தார், கண்டி மஹியாவ மயானத்தில் அடக்கம். இடையில் 1874இல் தேயிலை பற்றித் தெரிந்துகொள்ள டார்ஜிலிங் போய்வந்தார். எங்கள் மலையில் படிப்புக்காக வெளிநாடு போய்வந்த முதல் ஆட்களில் அவரும் ஒருவராக இருக்கலாம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். திரும்பிப் போவாயா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. உலகம் முழுக்கப் பாஸ்போர்ட் கட்டாயமானது முதலாம் உலகப் போரோடுதான். போருக்குப் பிறகு 1920இல் பாரிஸில் மாநாடு கூட்டித்தான் பாஸ்போர்ட் எப்படி இருக்கவேண்டும் என்றே பேசி முடிவெடுத்தார்கள்.

ஆனால் கூலியாக வந்தவருக்குக் கடதாசி அதற்கு முன்பே வந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு கொடுத்தார்கள். அதில் இருக்கும் எண்ணைப் பார்த்தால் எந்தப் பகுதி, எந்தத் தோட்டம் என்று தெரியும். ஆளைப் பார்சல் மாதிரி அனுப்பிவைக்கலாம். மண்டபம் முகாமில் சில நாள் நோய்த்தடுப்புக்கு வைத்திருந்து, பிறகு கப்பலேற்றித் தலைமன்னார் வழியாக மலைக்குக் கொண்டுவந்தார்கள். அது வரும்போது. போகும்போதும் போனார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க, தங்கச்சி கல்யாணத்துக்கு, அப்பா செத்ததற்கு. "சீமைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சில மாதத்தில் திரும்பி அதே தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். இப்படிக் குறுகிய காலம் போய்வருவது வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

அந்தப் போக்குவரத்தில் விரிசல் விழுந்தது 1939இல். இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிராக அரசு எடுத்த நடவடிக்கைகளுக்குப் பதிலாக, அந்த ஆகஸ்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. ஊருக்குப் போனால் திரும்ப முடியுமா என்ற பயம் லயங்களுக்குள் வந்தது அப்போதுதான்.

சுதந்திரம் வந்ததும் பயம் சட்டமாகியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழை யார் எடுத்துவைத்தார்கள்? அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 நவம்பர் 1இலிருந்து குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு சீமைக்குப் போய்வருவது அனுமதி கேட்டுச் செய்கிற காரியம்.

1949 சட்டம் என்ன கேட்டது என்று பாருங்கள். 1946 ஜனவரி 1க்கு முன்பு, கல்யாணமானவர் என்றால் 7 ஆண்டும், ஆகாதவர் என்றால் 10 ஆண்டும் இடைவெளி இல்லாமல் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். ஒரு தடவை நாட்டை விட்டுப் போனால் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. மனைவியும் இங்கே இருந்திருக்க வேண்டும். நிச்சயமான வருமானமோ, பிழைப்புக்கு வழியோ இருக்கிறது என்று காட்ட வேண்டும். எங்கள் தோழியின் விசாக் கோப்பில் இருந்த வங்கிக் கணக்கும் பல்கலைக்கழகக் கடிதமும் ஞாபகம் வருகிறதல்லவா?

அவளுடைய பாட்டனின் அப்பா மாட்டிக்கொண்டது அந்த 12 மாதத்தில்தான். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சாவுக்குப் போனவர், மனைவி காய்ச்சலில் படுத்ததால் பதினாலு மாதம் இருந்துவிட்டார் என்று வீட்டில் சொல்கிறார்கள். விசாரணையில் தேதியைக் கேட்டார்கள். மனுஷன் உள்ளதைச் சொல்லிவிட்டார். மனு போச்சு. ஊருக்குக் காசு அனுப்பியதும், உறவைப் பார்க்கப் போனதும் "இவர் இங்கே நிரந்தரமாக இருக்க நினைக்கவில்லை" என்பதற்குச் சாட்சியாக எடுக்கப்பட்ட காலம் அது.

இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லி, கடைசி நேரத்தில் மனம் மாறியது. 1951 ஆகஸ்டில் காலம் முடிவதற்குள் சுமார் 237,000 மனுக்கள் போயின. அவற்றுக்குள் 8 லட்சத்துக்கு மேற்பட்ட பேர் இருந்தார்கள். அவர்களில் சுமார் 134,000 பேருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. மிச்சப்பேர் நாடற்றவர்கள். 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களின் பேர்கள் 1952 தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியலிலிருந்து போய்விட்டன.

பிறகு 1964. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கண்டியில் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு நடையாய் நடந்து பாஸ்போர்ட் எடுத்தவர்கள், தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறினார்கள். தோழியின் அப்பாயிக்கு ஒரு அக்கா. கல்யாணமான வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்ததால் அவரும் போனார். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. இங்கே கிள்ளிய கொழுந்தையே அங்கேயும் கிள்ளினார்.

தெல்தோட்டையில் பிறந்து வளர்ந்த அந்த அக்காவுக்கு, தன் அம்மா செத்தபோது தெல்தோட்டைக்கு வர விசா வேண்டும். பிறந்த லயத்துக்கு வர அவர் இப்போது வெளிநாட்டுக்காரி. தந்தி கிடைத்து, யாரிடம் போய்க் கேட்பது என்று விசாரித்து முடிப்பதற்குள் காடாத்தும் முடிந்துவிட்டது. 1984இல் கப்பலும் நின்றது. அவர் கடைசிவரை வரவே இல்லை.

அப்பாயி நாடற்றவராகவே இருந்து, 1988இல் வந்த சட்டத்தால் பிரஜையானார். இன்னும் மீந்திருந்தவர்களுக்காக 2003இல் மறுபடி ஒரு சட்டம் வந்தது. அப்போது பத்து நாள் நடமாடும் சேவையில் சுமார் 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள். அரை நூற்றாண்டாக முடியாது என்று சொன்ன வேலை பத்து நாளில் முடிந்தது. மனசு வைத்திருந்தால் 1949இலேயே முடிந்திருக்கும் என்பதைத் தவிர இதற்கு என்ன சொல்வது?

இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டனிடம் கேட்டது: நீ நிஜமாக இங்கேயே இருப்பாயா? பேத்தியிடம் கேட்டது: நீ நிஜமாகத் திரும்பிப் போவாயா? இரண்டுமே ஒருவர் மனசுக்குள் இருப்பதைக் கடதாசியில் காட்டச் சொல்கின்றன. காணி உள்ளவருக்கு அது லேசு. காணி கொடுக்கப்படாதவரிடம் காணி இல்லை என்பதையே குற்றமாக எடுக்கும்போதுதான் வலிக்கிறது. எல்லா நாட்டுக்கும் எல்லை இருக்கும், விண்ணப்பங்களைச் சரிபார்க்க வேண்டும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் 'பிணைப்பு' என்றால் சொத்து என்று மட்டும் புரிந்துகொள்கிற அதிகாரிக்கு எங்கள் மலை கண்ணில் படாது.

சில மாதம் கழித்து இன்னொரு பட்டறைக்கு அவள் மறுபடி விண்ணப்பித்தாள். இந்தமுறை ஒரு பக்கக் கடிதத்தையும் வைத்தாள். என் படிப்பு இந்தத் தேதியில் முடிகிறது, இதோ பல்கலைக்கழகத்தின் கடிதம். பிரித்தானியாவில் தங்கும் அனுமதி அதற்குப் பிறகும் இருக்கிறது. செலவை ஏற்பவர்களின் கடிதம் இது. முன்பு ஒரு தடவை மறுத்தார்கள், அதன் பிரதி இது. மறுப்பை மறைக்கவில்லை, மறைத்திருந்தால் அதுவே அடுத்த மறுப்புக்குக் காரணமாகியிருக்கும். விசா கிடைத்தது. ஞாயிறு இரவு திரும்பினாள், திங்கள் காலை வகுப்பில் இருந்தாள்.

வெளிநாட்டில் படிக்கிற, படிக்கப்போகிற தம்பி தங்கச்சிகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான். திரும்புவேன் என்பதற்கு உங்கள் படிப்பே முதல் சாட்சி, அதை முன்னால் வையுங்கள். மறுத்தால் காரணத்தை வாசியுங்கள், மேன்முறையீடு செய்ய உரிமை இருக்கிறது. அப்புறம், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய இந்தியப் பாஸ்போர்ட், தோட்டத்துப் பேர்ச்சீட்டு, நிராகரித்த மனு என்று எது இருந்தாலும் ஃபோனில் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். பெரியவர்களிடம் தேதி கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் மக்களின் பயணங்கள் ஒழுங்காக எழுதப்பட்டது அந்தக் கடதாசிகளில் மட்டும்தான்.

அன்று திங்கட்கிழமை அப்பாயி ஃபோனில் கேட்டாராம்: "போயிட்டு வந்துட்டியா ஆயி?" வந்துவிட்டேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "எங்க அக்காவுக்கு அப்புடி ஒரு கடுதாசி எழுத ஆள் இல்லாமப் போச்சு" என்றாராம்.