ஸ்பேர் மெஷின் ஜெயித்த கதை

1976 ஏப்ரல். நியூயார்க் நகர கவுன்சில் கமிட்டி முன்னால் இரண்டு பின்பால் மெஷின்கள் நிற்கின்றன. பக்கத்தில் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர். 'பின்பால் சூதாட்டம் அல்ல, திறமை' என்று ஆடிக் காட்ட வந்திருந்தார்.

எதற்கு இரண்டு? ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று! அந்தக் கால பின்பாலை நம்பி ஒற்றை மெஷினோடு யாரும் முக்கியமான இடத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். ஆனால் ஒரு கவுன்சிலருக்குச் சந்தேகம். 'முதல் மெஷினில் ஏதோ தில்லுமுல்லு செய்து வைத்திருப்பீர்கள். அந்த ஸ்பேரில் ஆடுங்கள்' என்றார். ஷார்ப் பழகி வைத்திருந்ததோ முதல் மெஷினில்!

தடை வந்தது 1942-ல். மேயர் லா கார்டியா, 'பள்ளிப் பிள்ளைகளின் சில்லறையைப் பிடுங்கும் சூதாட்டம்' என்று சொல்லி, மெஷின்களைப் பறிமுதல் செய்து சம்மட்டியால் உடைத்து நொறுக்கினார். அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அன்றைய பின்பாலில் ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால், குண்டு ஆணிகளில் முட்டி மோதி எங்கேயோ போய் விழும். மெஷினை லேசாக உலுக்குவதைத் தவிர ஆடுபவருக்கு வேலையே இல்லை. குண்டைத் திருப்பி அடிக்கும் 'ஃபிளிப்பர்' என்ற குட்டிக் கைகள் வந்தது 1947-ல், காட்லீப் கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில். அப்போதுதான் அது நிஜமான விளையாட்டு ஆயிற்று.

ஆனால் அந்தத் திறமையெல்லாம் மெஷின் ஒழுங்காக இருந்தால்தானே!

1976-க்கு முந்தைய பின்பாலைத் திறந்தால் தலை சுற்றும். சிப்பும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. கட்டுக்கட்டாக ஒயர், வரிசையாக ரிலேக்கள், காயில்கள், ஏகப்பட்ட சின்னச் சின்ன சுவிட்சுகள், நடுவில் சுற்றும் ஒரு மோட்டார். கூட்டல் கணக்கைக்கூட சக்கரங்கள்தான் போட்டாக வேண்டும்.

அடிக்கடி வரும் வியாதி ஒன்று: காசு போட்டதும் மோட்டார் சுற்றும்... சுற்றும்... சுற்றிக்கொண்டே இருக்கும். ஆட்டம் தொடங்காது. ஏன்? புது ஆட்டத்துக்கு முன்னால் ஸ்கோர் சக்கரங்கள் எல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். பூஜ்யம் வந்ததும், சக்கரத்தோடு இருக்கும் சுவிட்ச் 'நான் வந்தாச்சு' என்று தகவல் கொடுக்கும். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி! ஒரே ஒரு சக்கரம் ஆப்சென்ட் என்றாலும் மோட்டார் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எனவே மெக்கானிக் முதலில் பார்ப்பது எந்த எண் பூஜ்யத்தில் இல்லை என்பதை. எல்லாமே பூஜ்யத்தில் நின்றும் மோட்டார் ஓய மறுத்தால், ஏதோ ஒரு சக்கரத்தின் சுவிட்ச் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, சோம்பேறி ஃபிளிப்பர். அதன் காயிலில் இரண்டு சுற்று உண்டு. ஒன்று ஓங்கி அடிக்க, இன்னொன்று தூக்கிய கையை அப்படியே பிடித்து வைத்திருக்க. கை மேலே போனதும் ஒரு சுவிட்ச் திறந்து, பலமான சுற்றை வெட்டிவிடும். அந்த காண்டாக்டில் கரி பிடித்தால் அடியில் வலு இருக்காது. திறக்காமலே போனாலோ காயில் சூடாகிப் புகைந்துவிடும். ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டு 'ரிப்பேர்' செய்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. விளைவு, ஃபியூஸுக்குப் பதில் ஒயரிங் எரியும்!

இது வெறும் ரிப்பேர் விஷயமில்லை. காசும் நியாயமும் சேர்ந்த விஷயம். மெஷின் படுத்தால் முதலாளிக்கு வசூல் போச்சு. ஃபிளிப்பர் படுத்தால் ஆடுபவனின் திறமைக்கு மதிப்பே போச்சு. அப்புறம் அது லா கார்டியா சொன்ன சூதாட்டம்தான்.

அன்று ஸ்பேர் மெஷின் காலை வாரவில்லை. ஷார்ப் நன்றாகவே ஆடினார். அப்படியும் கமிட்டி அசரவில்லை என்று பட, கடைசி அஸ்திரத்தை எடுத்தார். 'இப்போது குண்டு நடுப்பாதை வழியாக இறங்கும்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டார். நடுப்பாதையிலேயே இறங்கியது! 34 வருடத் தடை நீங்கியது. 'அந்த அடி அதிர்ஷ்டம்தான்' என்று பின்னாளில் அவரே சொன்னது தனிக்கதை.

அடுத்த வருடமே பெரிய கம்பெனிகள் சிப் வைத்த மெஷின்களுக்குத் தாவின. ரிலேக்களுக்கு வேலை போனது. ஆனால் புது மெஷின்கள் பலவற்றில், அதிக ஸ்கோரை நினைவில் வைக்க ஒரு பேட்டரி இருந்தது. வருடங்கள் போகப் போக அது கசிந்து, சர்க்யூட் போர்டையே அரித்துத் தின்றது. பழைய மெஷினிலோ கோளாறு கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். பொறுமையும் வயரிங் படமும் இருந்தால், அறுபது எழுபது வயது மெஷினைக்கூட இன்றும் எழுப்பி உட்கார வைத்துவிடலாம்.

பெரிய ஃபியூஸ் மட்டும் போடாமல் இருந்தால் சரி!