ஹார்பினில் நான் தாமதமாகப் படித்த பாடம்



பிப்ரவரி கடைசியில் மகனோடு வடகிழக்குச் சீனாவில் உள்ள ஹார்பின் நகருக்குப் போயிருந்தேன். குளிர்காலம் முடியப்போகிறது என்றார்கள். காலையில் மைனஸ் 15 டிகிரி! சோங்ஹுவா ஆறு கல்லாக உறைந்து கிடக்க, ஜனங்கள் அதன்மேல் நடந்து போனார்கள். 1898இல் ரஷ்யர்கள் ரயில் பாதை போட வந்ததால் வளர்ந்த ஊர் இது.

எல்லோரும் பனிச் சிற்பங்களைப் பார்க்கப் போனார்கள். நான் மருத்துவர் வூ லியன்-தே நினைவகத்துக்குப் போனேன்.

1910 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. மர்மோட் என்னும் அணில் இன விலங்கை ரோமத்துக்காக வேட்டையாடியவர்களிடம் தொடங்கி, ரயில் வழியே ஊர் ஊராகப் போனது. சுமார் 60,000 பேர் இறந்தார்கள். பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த வூவை அரசு ஹார்பினுக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 31. நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது என்றார் அவர். பஞ்சும் மெல்லிய துணியும் வைத்து முகக்கவசம் செய்யச் சொன்னார். மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை நம்பாமல், கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அவரும் பிளேக்கில் இறந்தார். நோயாளிகளோடு பழகியவர்களை ரயில் பெட்டிகளில் தனியாகத் தங்க வைத்தார் வூ.

இன்னொரு சங்கடம். நிலம் உறைந்துபோனதால் குழி தோண்ட முடியவில்லை. இரண்டாயிரத்துக்கும் அதிகமான சடலங்கள் மயானத்தில் வெட்டவெளியில் கிடந்தன. முன்னோரைப் புதைத்து வணங்கும் மக்களிடம் எரிக்கலாம் என்று எப்படிச் சொல்வது? வூ பேரரசரின் அனுமதி கேட்டார், கிடைத்தது. 1911 ஜனவரி 31, சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், தீ மூட்டினார்கள். மார்ச் 1ஆம் தேதியோடு ஹார்பினில் நோய் ஓய்ந்தது.

எட்டாம் வகுப்பில் சீனா என்றால் பெருஞ்சுவர், பட்டு, காகிதம் என்று நடத்தியிருக்கிறேன். இவரைப் பற்றி ஒரு வரிகூடச் சொன்னதில்லை. எனக்கே தெரியாதே!

உறவினர்களுக்குத் தெரியும், 2021 மே மாதம் என் அண்ணன் கொரோனாவில் போனார். முகத்தைக்கூடக் காட்டாமல் உறையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மயானத்தில் வேலை பார்த்த பிள்ளைகளிடம் நான் கத்தினேன். "நீங்களெல்லாம் மனுஷங்களா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர்கள் பதிலே பேசவில்லை. கவச உடைக்குள் வியர்வையோடு வேலையைச் செய்துவிட்டுப் போனார்கள்.

அந்த நினைவகத்தில் நின்றபோது அவர்கள் ஞாபகம்தான் வந்தது. அன்று அவர்கள் காப்பாற்றியது எங்களை. அண்ணன் பக்கத்தில் போக அடம்பிடித்த என்னையும் சேர்த்து.

அண்ணி, இதை நீங்கள் படிப்பீர்கள். அன்று நான் பேசியது தப்பு. அந்தப் பிள்ளைகளின் பெயர் தெரியாது, நேரில் சொல்ல வழியில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

உங்களில் யாராவது அப்படி வேலை பார்த்திருந்தால், இந்த வாத்தியாரின் கும்பிடு உங்களுக்கும்தான்.