செத்துப்போன ஐபொட்டை எழுப்பியவர்கள்

எங்களில் ஒருவரின் மாமா 2006 இல் கனடாவிலிருந்து வந்தபோது கொடுத்துவிட்டுப் போன ஐபொட் அது. ஐந்தாம் தலைமுறை, 30 ஜிபி. பல வருடமாக அலுமாரிக்குள் கிடந்ததை எடுத்து சார்ஜில் போட்டோம். திரை எழும்பியது. ஆனால் வந்தது பாட்டுப் பட்டியல் இல்லை. ஒரு ஃபோல்டர் படமும் ஆச்சரியக்குறியும்தான். வட்ஸ்அப்பில் மாமாவுக்குக் காட்டினோம். "அது செத்திட்டுது பிள்ளையள், எறியுங்கோ" எண்டார்.

எறிய மனம் வரவில்லை. அம்மம்மா பாடி, மாமா கசற்றில் பதிந்து, பிறகு எம்பி3 ஆக மாற்றிய தாலாட்டு ஒன்று அதற்குள் இருந்தது. கசற் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. வேறு பிரதி இல்லை. கணினியில் செருகினால் ஐரியூன்ஸ் 'ரீஸ்ரோர்' செய்யச் சொன்னது. அதை அமத்தினால் ஐபொட் எழும்பும். உள்ளே இருக்கிற பாட்டெல்லாம் அழிந்துபோகும்.

வழி தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தோம்.

ஒரு கருவியை இயக்குவதற்கென்று அதற்குள்ளேயே வைத்திருக்கும் மென்பொருளைத்தான் ஃபர்ம்வெயர் என்கிறோம். பழைய ஐபொட்டில் அதன் பெரும்பகுதி வன்தட்டில்தான் இருக்கும். தட்டின் ஒரு சிறிய பிரிவில் ஃபர்ம்வெயர், மிச்சப் பெரிய பிரிவில் பாட்டுகள். கருவியைத் தொடக்கிவிடும் சின்ன நிரல் மட்டும் தனியாக ஒரு சிப்பில் இருக்கும். அந்த நிரல் தட்டில் ஃபர்ம்வெயரைத் தேடிக் காணாவிட்டால் ஆச்சரியக்குறியைக் காட்டும். அதாவது வீடு இடியவில்லை, வாசல் கதவுதான் இறுகிவிட்டது.

இப்படியான கதவுகளை வெளியாட்கள் திறக்கத் தொடங்கியது 2001 இல். பிரான்ஸின் ஆர்கோஸ் நிறுவனம் 'ஜூக்பொக்ஸ்' என்ற எம்பி3 பிளேயரை விற்றுக்கொண்டிருந்தது. அதன் மென்பொருளில் இருந்த குறைகள் பொறுக்காமல் சுவீடனில் பியோன் ஸ்டென்பேர்க், டானியல் ஸ்டென்பேர்க், லினஸ் நீல்சன் ஃபெல்ட்சிங் ஆகியோர் தாங்களே புதிதாக ஒன்றை எழுத இறங்கினார்கள். இணையத்தில் இன்று எல்லா இடமும் பாவிக்கப்படும் 'கேர்ல்' கருவியை எழுதியவரும் இந்த டானியல்தான். நிறுவனம் மூலநிரல் எதையும் கொடுக்கவில்லை. இருந்த ஃபர்ம்வெயரைப் பிரித்துப் பார்த்துத்தான் கருவி எப்படி வேலை செய்கிறது எண்டு கண்டுபிடித்தார்கள். அதுதான் ரொக்பொக்ஸ். பிறகு பல நாட்டவர்கள் சேர்ந்து அதை ஐபொட் உட்பட வேறு பிளேயர்களுக்கும் கொண்டுபோனார்கள்.

அவர்கள் செய்த ஒரு வேலையை எங்களால் மறக்க ஏலாது: மெனுவை வாய்விட்டுச் சொல்லும் வசதி. அப்பிள் தன் ஐபொட் நானோவில் பேசும் மெனுவைக் கொண்டுவந்தது 2008 இல். அதற்கு முன்பே பார்வையற்றவர்கள் ரொக்பொக்ஸ் போட்டுத் தாங்களே பாட்டுத் தெரிவு செய்துகொண்டிருந்தார்கள்.

ஐபொட்டின் கதவு லேசில் திறக்கவில்லை. நாலாம் தலைமுறை 2004 இல் வந்தபோது உள்ளமைப்பு மாறியிருந்தது. சிப்பில் இருந்த நிரலைப் படிக்காமல் மேலே போக முடியாது. அதை வெளியே எடுக்கவும் வழியில்லை. நில்ஸ் ஷ்னைடர் என்ற ஜெர்மன் இளைஞர், சக்கரத்தைச் சுற்றும்போது 'டிக் டிக்' என்று சத்தம் போடும் அந்தக் குட்டி ஒலிப்பானைப் பிடித்தார். நிரலின் ஒவ்வொரு பிட்டையும் சத்தமாக வெளியே விடவைத்து, மைக்கில் பதிந்து, அந்தச் சத்தங்களை மறுபடி நிரலாக மாற்றினார். வாசிக்கும்போது எங்களுக்குப் புல்லரித்தது. 2007 இல் வந்த ஐபொட் கிளாசிக்கில் அப்பிள் ஃபர்ம்வெயரைக் குறியாக்கம் செய்து பூட்டியது. அதைத் திறக்கப் பல வருடம் பிடித்தது.

எங்களுடையது அதற்கு முந்தியது. மெனுவையும் நடுப் பட்டனையும் சேர்த்து அமத்தி, அப்பிள் சின்னம் வந்தவுடன் நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் பிடித்தோம். 'டிஸ்க் மோட்' வந்தது. அது சிப்பிலேயே இருப்பதால் தட்டில் ஃபர்ம்வெயர் பழுதானாலும் வரும். கணினியில் மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னதும் 'ஐபொட் கொன்ட்ரோல்' தெரிந்தது. அதற்குள் நாலெழுத்துப் பெயர்களோடு அத்தனை பாட்டும் இருந்தன. எல்லாவற்றையும் முதலில் பிரதி எடுத்தோம். பிறகு ரொக்பொக்ஸ்காரர் எழுதிய 'ஐபொட்பற்சர்' கருவியால் ஃபர்ம்வெயர் பிரிவை மட்டும் திருப்பி எழுதினோம். பாட்டுப் பிரிவை அது தொடவே இல்லை.

அப்பிள் 2022 மே 10 அன்று ஐபொட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. எங்கள் ஐபொட் இன்னும் பாடுகிறது. செய்த நிறுவனம் தந்த வழியில் போயிருந்தால் கருவி மிஞ்சியிருக்கும், அம்மம்மா போயிருப்பா. எங்கேயோ சிலர் மினக்கெட்டுப் படித்து, படித்ததை எல்லாருக்கும் திறந்து வைத்ததால்தான் இரண்டும் மிஞ்சின. உங்கட வீட்டு அலுமாரியிலும் பழைய பிளேயர் ஒன்று கிடக்கலாம். ரீஸ்ரோரை அமத்த முதல் ஒருக்கா உள்ளே என்ன இருக்கு எண்டு பாருங்கோ.

தாலாட்டை மாமாவுக்கு அனுப்பினோம். அன்றிரவு பதில் வரவில்லை. விடியத்தான் ஒரு வரி வந்தது: "கொப்பி ரெண்டு மூண்டு எடுத்து வையுங்கோ."