சொட்ட வேண்டிய இடம்: சுழல்தண்டு அடைப்பின் வரலாறும் போடி ஏலமலை மோட்டார்களும்

போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் எந்தக் கொண்டை ஊசி வளைவில் நின்று பார்த்தாலும் கடல் தெரியாது. ஆனாலும் பாய்மரப் படகுக்காரரையும் இந்தச் சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவரையும் வாட்டுகிற சிக்கல் ஒன்றுதான். சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இரும்புத்தண்டு சுழலவும் வேண்டும். அந்தத் துளை ஒழுகவும் கூடாது. படகில் அந்தச் சுவர் அதன் அடியுடல். உள்ளே துணை இன்ஜின், வெளியே கடலுக்குள் புரொப்பல்லர். தோட்டத்தில் அந்தச் சுவர் பம்பின் வார்ப்பிரும்பு உடல். வெளியே மோட்டார், உள்ளே இம்பெல்லர். அந்தத் துளையை அடைக்கும் கருவி கப்பலில் பிறந்ததா, கிணற்றடியில் பிறந்ததா என்று தேடிப் போனால் விடை கிணற்றடிப் பக்கமே சாய்கிறது.

நம்முடைய பழைய நீரிறைப்பில் இந்தச் சிக்கலே எழவில்லை. கமலையில் உருளை சுழன்றது. ஆனால் சால் மட்டும்தான் தண்ணீருக்குள் போய்வந்தது. ஏற்றத்திலும் அப்படியே. கமலைச் சாலின் தோல்வாலில் கிழிசல் இருந்தால் வழியில் தண்ணீர் சிந்தும், அவ்வளவுதான். கடலிலும் இதே கதை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணிகள் பாயை நம்பி ஓடிய காலம்வரை, நீர்மட்டத்துக்குக் கீழே அவற்றின் உடலில் தண்டுக்கென்று ஒரு துளை இல்லை. சுக்கான் பின்னணியத்துக்கு வெளியே தொங்கியது. எஞ்சிய பலகை இடுக்குகளைப் பஞ்சும் குங்கிலியமும் பார்த்துக்கொண்டன. அசையாத இடுக்கை அடைப்பது ஒரு வேலை. அசையும் தண்டைச் சுற்றி அடைப்பது முற்றிலும் வேறு வேலை.

இந்த இரண்டாவது வேலைக்கு வழிகாட்டியவர்களில் இங்கிலாந்தின் சாமுவேல் மார்லாண்ட் முக்கியமானவர். 1675இல் அவர் காப்புரிமை பெற்ற நீரிறைப்பியில் உருளையான உலக்கை ஒன்று மேலும் கீழும் போய்வந்தது. உலக்கை நுழையும் வாயில் அடைப்புப் பொருளைத் திணித்து, அதை மேலிருந்து இறுக்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி உருளையின் மேல்வாயை மூடியபோது பிஸ்டன் தண்டுக்கும் அதே ஏற்பாடு தேவைப்பட்டது. சணல்நாரைக் கொழுப்பில் தோய்த்துத் திணித்தார்கள். நம் பட்டறைகளில் ‘கிளாண்ட்’ என்கிற உறுப்பின் பூர்வீகம் இதுதான்.

கப்பல் இதைக் கையில் எடுத்தது பிறகுதான். பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836இல் திருகு உந்திக்குக் காப்புரிமை பெற்றார். 1838இல் நீரிலிறங்கிய ‘ஆர்க்கிமிடிஸ்’ கப்பல் அதை மெய்ப்பித்தது. அதற்கப்புறம் வந்த தலைவலி யாரும் எதிர்பாராதது. பெரிய கப்பல்களில் தண்டைத் தாங்கிய பித்தளைத் தாங்கிகள் சீக்கிரமே தேய்ந்தன. தாங்கி தேய்ந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் எந்த அடைப்பும் நிற்காது. 1854இல் ஜான் பென், லிக்னம் வைட்டே என்ற எண்ணெய்ப்பசையுள்ள கடுமரத் துண்டுகளைத் தாங்கியாகப் பதித்துக் கடல்நீரையே மசகாக்கினார். இரும்பின் சிக்கலை மரம் தீர்த்தது. கிளாண்ட் ஒழுகுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கிளாண்டை அல்ல, பேரிங்கை என்ற பாடமும் அங்கே தொடங்குகிறது. இன்றும் பலர் அதைத் தலைகீழாகவே செய்கிறார்கள்.

கிளாண்டின் அமைப்பு எளிது. தண்டைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் மூன்று நான்கு வளையமாகக் கயிறு, மேலே தள்ளுமூடி, இருபுறமும் நட்டு. மலைச்சரிவில் ஒரு மோட்டார் கொட்டகையில் இந்த வேலையை முழுதாகப் பார்த்தேன். வயதான தொழிலாளி ஒருவர் வளைத்த சைக்கிள் கம்பியால் பழைய கயிற்றைக் கொத்திக் கொத்தி வெளியே எடுத்தார். கடைசி வளையம் கருகிக் கட்டியாகிப் போயிருந்தது. அதை விட்டுவிட்டு மேலே புதிதைத் திணிப்பவர்கள்தான் அதிகம், இவர் விடவில்லை. தண்டின் பருமனுள்ள குழாய்த் துண்டில் புதுக் கயிற்றைச் சுற்றி, பிளேடால் சாய்வாக வெட்டினார். ஒரு வளையத்தின் வெட்டுவாய் மேலே வந்தால் அடுத்ததன் வாயைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார். நட்டுகளை விரலால் மட்டுமே முடுக்கி, மோட்டாரை ஓடவிட்டு, பிறகு ஸ்பேனரால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். சொட்டு முழுசாக நிற்குமுன்பே கையை எடுத்துவிட்டார். இன்னும் ஒழுகுகிறதே என்றேன்.

“சொட்டணும் தம்பி. சொட்டலைன்னா சுடும்.”

கயிற்றுக்கும் தண்டுக்கும் நடுவே கசியும் அந்த நீர்தான் குளிர்ச்சியும் மசகும். அதை நிறுத்திவிட்டால் கயிறு கருகும். கருகிய கயிறு அரம்போலத் தண்டை அறுக்கும். பாய்மரப் படகின் துணை இன்ஜினுக்கும் இதே சட்டம்தான், அளவு மட்டும் வேறு. இன்ஜின் ஓடுகையில் நிமிடத்துக்குச் சில சொட்டு, நின்றதும் ஒன்றுமில்லை. ஓட்டி முடித்ததும் கிளாண்டைத் தொட்டால் கை பொறுக்கும் சூடுதான் இருக்க வேண்டும்.

மலைக்கு வந்ததும் இந்தக் கதை ஒரு திருப்பம் எடுக்கிறது. படகில் பயம், நீர் உள்ளே வருவது. மலை மோட்டாரில் பயம், காற்று உள்ளே போவது. நீர்மட்டம் பம்புக்குக் கீழே இருந்தால், உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. கிளாண்ட் தளர்ந்தால் அந்தப் பக்கம் சொட்டு வராது; சத்தமில்லாமல் காற்று நுழையும். ‘மோட்டார் காத்து வாங்குது’ என்பார்கள். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 10.3 மீட்டர் உயர நீருக்குச் சமம்; ஏலம் விளையும் 1,200 மீட்டர் உயரத்தில் அது 8.9 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். உறிஞ்சும் ஆழத்தில் 1.4 மீட்டரை மலையே எடுத்துக்கொள்கிறது. கீழே போடியில் பொறுத்துப் போகிற ஓட்டை, மேலே படுதா விரித்த குளத்தின் கரையில் மோட்டாரை நிறுத்திவிடும். அதுவும் ஏலச்செடிக்குத் தண்ணீர் அவசியப்படும் மாசி, பங்குனியில், குளம் வற்றி உறிஞ்சும் ஆழம் கூடியிருக்கும் நாளில்.

மின்சாரம் சமவெளியையும் மலையையும் இரண்டு விதமாக மாற்றியது. சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும் பாபநாசம் நிலையம் 1944இலும் உற்பத்தியைத் தொடங்கின. 1950களின் இறுதியில் லோயர் கேம்பில் பெரியாற்று நீர் மின்சாரமானது. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது ஏலச்சரிவின் பெரும்பகுதி கேரளத்தில் அமைந்தது. சந்தையும் பட்டறையும் பல தோட்டங்களின் உரிமையாளர்களும் போடியில். தமிழ்நாட்டில் 1990இல் உழவர்களுக்கெல்லாம் இலவச மின்சாரம் வந்தது. அந்தச் சலுகை எல்லைக்கோட்டைத் தாண்டி மேலே ஏறவில்லை. சமவெளியில் நீர்மூழ்கி மோட்டார்கள் பெருகப் பெருக, மேற்பரப்புப் பம்பின் கிளாண்ட் வேலை அங்கே அருகியது. குளத்திலும் ஓடையிலும் இறைக்கும் மலையில் அது நிலைத்தது.

இதற்கிடையே மெக்கானிக்கல் சீல் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் குளிர்பதனக் கம்ப்ரஸர்களிலும் பிறகு மோட்டார் வண்டிகளின் நீர்ப்பம்புகளிலும் ஊன்றிய கருவி இது. கார்பன் வில்லை ஒன்று, பீங்கான் வில்லை ஒன்று. ஒன்று தண்டோடு சுழலும், மற்றது நிற்கும். ஸ்பிரிங் இரண்டையும் முகத்தோடு முகம் அழுத்தும். நடுவே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம். கண்ணுக்குத் தெரிந்த சொட்டு கிடையாது. படகுகளில் ரப்பர் மடிப்புக்குழாயோடு இதே அமைப்பு வந்தது. படகைக் கரையேற்றி மீண்டும் நீரிலிறக்கும்போது அந்த மடிப்பைக் கையால் ஒருமுறை அமுக்கி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். மோனோபிளாக் மோட்டாருக்கு நீரூற்றிக் காற்றுத் திருகைத் தளர்த்துவது போலத்தான். மறந்தால் இரண்டும் வறண்டு ஓடும். வறண்டு ஓடினால் வில்லை வெடிக்கும்.

வளர்ச்சியின் நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்தால் கயிற்றுக் கிளாண்ட் எப்போதோ மறைந்திருக்க வேண்டும். மலையில் மறையவில்லை. அதைப் பழமைப்பிடிப்பு என்று ஒதுக்குவது சரியல்ல என்பது என் கணிப்பு. கிளாண்ட் மெதுவாகச் சாகிறது. சொட்டு கூடுவதைப் பத்து நாளாவது காட்டும். அரைமுழக் கயிறு இருந்தால் கொட்டகையிலேயே முடியும் வேலை. சீல் நேற்றுவரை ஒழுகாமல் இருந்துவிட்டு இன்று காலை ஒரேயடியாகக் கைவிடும். பம்பைப் பிரிக்க வேண்டும், அதே அளவு சீல் வேண்டும், அதற்கு மலையிறங்க வேண்டும். வண்டல் கலந்த குளத்துநீர் அந்த வழவழப்பான முகங்களைக் கீறிக்கொண்டே இருப்பது தனிக்கதை.

மார்லாண்டின் உலக்கை இன்றைக்கும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. ஏலத்தின் அழுகல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையடிக்கும் எச்.டி.பி. ஸ்பிரேயரில் இருப்பது மூன்று உலக்கைகள். ஒவ்வொன்றையும் சுற்றி ‘வி’ வடிவ பேக்கிங், பக்கத்தில் கையால் திருகும் கிரீஸ் கப். சரியாக வடிகட்டாத சுண்ணாம்பு மணல் இந்த பேக்கிங்கைத் தின்றுவிடும். மருந்தடிப்பு முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டுகிறவரின் ஸ்பிரேயர் அடுத்த மழைக்கும் தாங்கும்.

போடி கடைகளில் கிளாண்ட் கயிற்றை நூல் கணக்கில்தான் கேட்கிறார்கள். மூணு நூல், நாலு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். பழகிய கடைக்காரர் கயிற்றை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: “ஷாப்ட்ட நகத்தால தடவிப் பாத்தீங்களா?” நகம் எங்கும் தட்டாமல் வழுக்கினால் கயிற்றை நிறுத்துத் தருவார். தட்டினால் கயிற்றைத் திரும்பத் தொங்கவிட்டுவிட்டு, லேத் பட்டறை இருக்கும் தெருவைக் காட்டுவார்.