பள்ளிக்கூடத்தில் ஒரு இடம்: எழும்பூரிலிருந்து லண்டனுக்குப் போய்த் திரும்பிய கதை

தேர்வு முடிந்து கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது. ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 மே மாதம். எங்கள் அக்கா பையனை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். மாமா மில்லில் வேலை. தனியார் பள்ளியில் பீஸ் கட்டிப் படிக்க வைக்க வசதி இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் 25 சதவீத இடம் இலவசம் என்று யாரோ சொல்ல, அன்னூர் இ-சேவை மையத்தில் நான்தான் கூட உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பிறப்புச் சான்று எல்லாம் கையில் இருந்தது. வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். சத்தி ரோட்டைத் தாண்டினால் பள்ளி. அதிலும் பிரச்சினை இல்லை.

குலுக்கல் அன்று மாமா லீவு போட்டுவிட்டு வந்தார். 15 இடம், அதைவிட அதிகமாக விண்ணப்பம். சீட்டுகளை ஒரு பாத்திரத்தில் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பதினைந்து பேர் பெயர் வாசித்தார்கள். எங்கள் பையன் பெயர் வரவில்லை. அக்கா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, "ஏன்டா தம்பி, நம்ம பேரையும் உள்ளே போட்டிருப்பாங்கதானே?" என்று மட்டும் கேட்டாள்.

போட்டிருந்தார்கள். நான் பார்த்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இடம் குறைவு, குழந்தைகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று யார் முடிவு செய்வது? எந்த விதிப்படி? இந்தக் கேள்வி எப்போது ஆரம்பித்தது என்று தேடப் போனேன். தேடல் இங்கிலாந்து வரை போய், கடைசியில் நம்ம சென்னை எழும்பூரில் வந்து நின்றது. நம்புங்கள் :)

முதலில் எழும்பூர்.

1715-ல் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த செயின்ட் மேரிஸ் தேவாலயத்தார் ஒரு தர்மப் பள்ளி ஆரம்பித்தார்கள். அது இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்த கோயில். பள்ளியில் இடம் யாருக்கு? ஏழை புராட்டஸ்டன்ட் குழந்தைகளுக்கு. அதாவது விதி இரண்டே வரி: ஏழையாக இருக்க வேண்டும், நம்ம சபையாக இருக்க வேண்டும். (அந்தப் பள்ளியின் வழித்தோன்றல்தான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பள்ளி.)

அடுத்து, எழும்பூரில் ராணுவ ஆண் அனாதைகள் இல்லம். இங்கே இடம் கிடைக்க அப்பா யார் என்று பார்த்தார்கள். கம்பெனிப் படையில் இருந்த வெள்ளைக்கார சிப்பாயின் மகனாக இருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளின் தாய்மார் இந்தியப் பெண்கள். அப்பா இறந்துவிட்டார், அல்லது ஊர் மாறிப் போய்விட்டார். அந்தப் பிள்ளைகளை எந்தப் பக்கமும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காகத் திறந்த கதவு அது. அதே சமயம் எதிர் வீட்டுத் தமிழ்ப் பையனுக்கு அது மூடிய கதவு.

1789-ல் இந்த இல்லத்துக்குப் பொறுப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலாந்து திருச்சபையின் பாதிரியார். அவருக்கு ஒரு பிரச்சினை. பிள்ளைகள் நிறைய, நல்ல ஆசிரியர்கள் குறைவு. ஒருநாள் வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்து எழுதிப் படிக்கிறார்கள். நம்ம திண்ணைப் பள்ளிதான். அங்கே பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். நாம் சட்டாம்பிள்ளை என்போமே, அவன்தான்.

பெல் இதைத் தன் இல்லத்தில் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். பையன் ஜமாய்த்துவிட்டான். பிறகு வகுப்புக்கு வகுப்பு மாணவர்களே ஆசிரியர் ஆனார்கள். 1796-ல் ஊர் திரும்பிய பெல், 1797-ல் இதைப் பற்றி லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். அந்த முறைக்கு அங்கே வைத்த பெயரே "மெட்ராஸ் முறை".

இதில் இடம் ஒதுக்குவது எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வருகிறது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் செலவு குறையும். செலவு குறைந்தால் இடம் கூடும். அதுவரை ஏழைக் குழந்தைக்குப் பள்ளி என்பது யாரோ ஒரு தர்மவான் மனசு வைத்தால்தான். மெட்ராஸ் முறை வந்த பிறகு, எல்லா ஊரிலும் ஒரு பள்ளி திறக்கலாம் என்று கணக்குப் போட முடிந்தது.

அப்படிக் கணக்குப் போட்டுத்தான் 1811-ல் இங்கிலாந்து திருச்சபையினர் தேசிய சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஏழைகளின் பிள்ளைகளுக்குத் திருச்சபைக் கொள்கையோடு கல்வி கொடுப்பது நோக்கம். முறை, நம்ம எழும்பூர் முறை. 1851-க்குள் சுமார் 12,000 பள்ளிகள் என்று அந்தத் திருச்சபையே கணக்குச் சொல்கிறது. அங்கே அரசாங்கம் பள்ளி நடத்த ஆரம்பிக்க வழி செய்த சட்டம் 1870-ல்தான் வந்தது. ஆக, இன்று இங்கிலாந்துக் கிராமங்களில் இருக்கும் ஆயிரக்கணக்கான சபைத் தொடக்கப் பள்ளிகளின் ஆணிவேரில் கொஞ்சம் எழும்பூர் மணல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, அந்தப் பள்ளிகளில் இன்று இடம் எப்படிக் கொடுக்கிறார்கள்?

1944 கல்விச் சட்டம் சபைப் பள்ளிகளை முக்கியமாக இரண்டு வகையாகப் பிரித்தது. ஒரு வகையில் உள்ளூர் அரசுக்குக் கட்டுப்பாடு அதிகம், மாணவர் சேர்க்கையையும் அதுவே முடிவு செய்யும். இன்னொரு வகையில் பள்ளியின் நிர்வாகக் குழுவே சேர்க்கை விதியை எழுதும். இரண்டுக்கும் பெரும்பகுதிப் பணம் அரசுப் பணம். பீஸ் கிடையாது.

நிர்வாகக் குழு எழுதுகிறது என்றால் இஷ்டத்துக்கு எழுத முடியாது. நாடு முழுவதற்கும் சேர்க்கை விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. பெற்றோரை இன்டர்வியூ செய்யக் கூடாது. நன்கொடை கேட்கக் கூடாது. இடம் மீதி இருந்தால் எந்த மதத்துக் குழந்தையையும் மறுக்கக் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால்தான் வரிசை விதி வேலை செய்யும். சின்ன வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 குழந்தைக்கு மேல் கூடாது என்பதும் சட்டம். அதனால் வரிசை முக்கியமாகிவிடுகிறது.

வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளுக்கு முன்னுரிமை. அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் அடுத்து. சில பள்ளிகளில், குடும்பம் தவறாமல் கோயிலுக்கு வருகிறது என்று பாதிரியார் கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரு இடம். கடைசியில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம். பல ஊர்களில் நேர்கோட்டில் அளப்பார்கள். அதுவும் சமமாக வந்தால் குலுக்கல்!

இதிலும் தில்லுமுல்லு உண்டு. பள்ளியில் இடம் வாங்குவதற்காகவே குழந்தைக்கு மூன்று வயதானதும் கோயிலுக்குப் போக ஆரம்பிக்கும் பெற்றோர் பற்றி அங்கே பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. நல்ல பள்ளி பக்கத்தில் வீட்டு விலை ஏறுகிறது. ஆனால் ஒன்று பாருங்கள். விதி முன்கூட்டியே அச்சில் இருக்கும். இடம் கிடைக்காத அப்பா சுயேச்சையான குழு முன் மேல்முறையீடு செய்யலாம்.

மறுபடியும் நம்ம பக்கம் வருவோம்.

ஸ்காட்லாந்து சபையின் ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னை ஆர்மேனியன் தெருவில் பள்ளி ஆரம்பித்தார். பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களைச் சேர்த்தார். மற்ற மாணவர்கள் பெருங்கூட்டமாக வெளியேறினார்கள். அவர்களை நீக்கு, நாங்கள் திரும்பி வருகிறோம் என்பது நிபந்தனை. ஆண்டர்சன் நீக்கவில்லை. இடம் கொடுப்பது என்பது காலியான பெஞ்சை நிரப்புவது மட்டும் இல்லை, யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதும்தான் என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்தபோது.

கோயம்புத்தூருக்கு லண்டன் மிஷன் 1830-ல் வந்தது. பள்ளிகளும் கூடவே வந்தன. 1854-ல் வந்த உட் அறிக்கைக்குப் பிறகு தனியார், மிஷன் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடைக்க வழி பிறந்தது. மானியம் வாங்கினால் அரசு கேள்வி கேட்கும் என்ற பழக்கமும் அங்கேதான் ஆரம்பம். 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிகன், மெதடிஸ்ட் மற்றும் லண்டன் மிஷன் வழிச் சபைகள் உட்படப் பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது.

1950-ல் அரசியல் சட்டம் இரண்டு விஷயம் சொன்னது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம், மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது (29-வது பிரிவு). சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் நடத்தலாம் (30-வது பிரிவு). இரண்டுமே நியாயம்தான். ஆனால் ஒரே வகுப்பறையில் இரண்டும் சந்திக்கும்போது கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் அமல். தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடத்தை அக்கம்பக்கத்து ஏழை மற்றும் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும், பீஸை அரசு திருப்பித் தரும். குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்த்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு தந்தது. 2014 மே 6-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் சேர்த்து விலக்கு கொடுத்தது. 2025 செப்டம்பர் 1-ல் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பையே சந்தேகித்து, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பினார்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் 1715-ல் கேட்ட "நம்ம சபையா?" என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

2025-26 கல்வியாண்டில் இன்னொரு கூத்து. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த நிதித் தகராறில் தமிழ்நாட்டில் இந்த 25 சதவீதச் சேர்க்கை வழக்கமான நேரத்தில் தொடங்காமல் அக்டோபர் வரை இழுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளை அதுவரை எங்கே உட்காரும்?

நான் பி.காம். மாணவன். எனக்குத் தெரிந்த உதாரணம் பங்கு ஒதுக்கீடுதான். கம்பெனி வெளியிடும் பங்கைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால் என்ன செய்வது? சிலருக்கு மறுக்கலாம், அல்லது புரோ-ரேட்டா முறையில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கலாம். சிறு முதலீட்டாளர்களுக்குக் குலுக்கலும் உண்டு. எந்த அடிப்படையில் ஒதுக்கினோம் என்று வெளியே சொல்லியாக வேண்டும். கிடைக்காதவன் பணம் திரும்பி வந்துவிடும்.

பள்ளி இடத்தைப் புரோ-ரேட்டாவில் கொடுக்க முடியாது. முக்கால் குழந்தையைச் சேர்க்க வழியில்லை. போன வருடமும் திரும்பி வராது. அதனால்தான் பங்குக்கு இருப்பதைவிடக் கறாரான கணக்கு பள்ளி இடத்துக்கு இருக்க வேண்டும் என்கிறேன். என்ன விதி என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். தூரமா, வருமானமா, சபையா, குலுக்கலா, எதுவானாலும் விண்ணப்பம் போடும் முன்பே அது எழுத்தில் இருக்க வேண்டும். கிடைக்காதவன் போய்க் கேட்க ஒரு மேஜை இருக்க வேண்டும். படிப்பும் பழக்கமும் உள்ளவன் விதி இல்லாமலேயே இடம் வாங்கிவிடுவான். ஒரு போன் போதும். மில்லுக்குப் போகும் எங்கள் மாமாவுக்கு எழுதி ஒட்டிய விதி ஒன்றுதான் சிபாரிசு.

அந்த வகையில் 2022-ல் நடந்த குலுக்கலை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. நாங்கள் தோற்றோம், ஏமாறவில்லை. இரண்டும் வேறு வேறு. அக்காவுக்கு இதை விளக்கிச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அங்கன்வாடிக்குப் போய், பிறகு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தான். அங்கே குலுக்கலும் இல்லை, ஒரு கிலோமீட்டர் கணக்கும் இல்லை. கூட்டிக்கொண்டு போனோம், டீச்சர் பெயர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அவனைத்தான் டீச்சர் உட்கார வைக்கிறாராம். மாமா பெருமையாகச் சொன்னார். சட்டாம்பிள்ளை ஆகிவிட்டான் போல :)

உங்கள் ஊரில் இடம் எப்படிக் கொடுக்கிறார்கள்? தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.