ஆள் தெரிந்த கணக்கும் ஆள் தெரியாத கணக்கும்

பாடலாத்ரி என்னும் குன்றையே குடைந்து நரசிம்ஹ மூர்த்தியை அமைத்திருப்பதால், பெருமாளைப் பிரதக்ஷிணம் செய்ய விரும்புகிறவர் மலையையே வலம் வரவேண்டியிருக்கிற சிங்கப்பெருமாள் கோவிலில், சந்நிதியை விட்டு ஒரகடம் செல்லும் சாலைப் பக்கம் வந்தால், ஜெராக்ஸ் கடைகளையும், பான் கார்டு, வருமான வரி, ஜி.எஸ்.டி. என்று எழுதிய பலகைகளையும் காணலாம். பலகைக்குப் பின்னால் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்திருப்பவர் பட்டயக் கணக்கர் பரீட்சை எழுதினவரோ இல்லையோ, ஊராருக்கு அவர் 'ஆடிட்டர் சார்'தான். பிறருடைய வரிக் கணக்கைத் தம் கையால் எழுதிக்கொடுக்கும் இந்தத் தொழிலுக்குச் செங்கல்பட்டுச் சீமையில் நீண்ட பூர்வோத்தரம் உண்டு.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 1763-ல் கும்பினியாருக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த இச்சீமையை, 1767 முதல் சில ஆண்டுகள் பர்னார்டு என்னும் எஞ்சினீயர் அளந்து கணக்கெடுத்தபோது, கிராமந்தோறும் கணக்குப்பிள்ளைகள் எழுதிவைத்த ஓலைகளில் ஒரு பகுதி இன்றும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார், அவருக்கு என்ன பாத்தியதை, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அக்கணக்கில் அடங்கும். பிற்காலத்தில் ரயத்துவாரி முறை வந்து, பட்டாதாரர் ஒவ்வொருவரும் சர்க்காருக்கு நேராகத் தீர்வை செலுத்தும் காலத்திலும், சிட்டாவும் அடங்கலும் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கையில்தான் இருந்தன. கர்ணம் எல்லோரும் தர்மவான்கள் என்று சொல்ல வரவில்லை; ஒருவன் நிலத்தை மற்றொருவன் பெயரில் எழுதிவைத்த கதை இல்லாத கிராமம் அபூர்வம். ஆனால் அவருக்கு ஊரில் ஆளைத் தெரியும், ஆளுக்கும் அவரைத் தெரியும். ஏமாற்றினால் ஏமாந்தவன் மறுநாள் காலையில் அவர் வீட்டுத் திண்ணைக்கே வந்து நிற்பான்.

முகம் தெரியாத இடத்தில்தான் ஆள்மாறாட்டம் செழிக்கிறது. கையெழுத்திட்டவர் பின்னால் அதைத் தம்முடையதல்ல என்று மறுக்கக்கூடாது என்றுதான், வங்காளத்து ஜங்கிப்பூரில் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஹெர்ஷல் 1858-ல் ஓர் ஒப்பந்தக்காரருடைய உள்ளங்கை அச்சைப் பத்திரத்தில் பதியவைத்தார். 1860-ல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம் ஆள்மாறாட்ட மோசடிக்குத் தனிப் பிரிவே வகுத்தது. அதே 1860-ல், சிப்பாய்க் கலகச் செலவை ஈடுகட்ட, ஜேம்ஸ் வில்ஸன் வருமான வரியைக் கொண்டுவந்தார்: வருஷத்துக்கு 200 ரூபாய்க்குமேல் சம்பாதிப்பவர்களுக்கு நூற்றுக்கு 2 ரூபாய், 500 ரூபாய்க்குமேல் 4 ரூபாய். சென்னைக் கவர்னர் சர் சார்லஸ் டிரெவிலியன் அதை எதிர்த்துத் தம் ஆட்சேபத்தைப் பகிரங்கப்படுத்தியதற்காகப் பதவியிலிருந்தே திருப்பியழைக்கப்பட்டார்.

வருமான வரி பெருந்தனக்காரர் விவகாரமாகவே வெகுநாள் இருந்தது. சாதாரணக் கடைக்காரனை வரிக் கணக்குக்கு இழுத்துவந்தது, ராஜாஜி மந்திரிசபை 1939-ல் சென்னை மாகாணத்தில் நிறைவேற்றிய பொது விற்பனை வரிச் சட்டம். பேரேடு எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் பலர் அதன்பின் வரிக் கணக்குச் சமர்ப்பிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டார்கள். கிராமத்திலோ, 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. பரம்பரை ஆதிக்கம் ஒழிந்தது நல்லதுதான். ஆளைத் தெரிந்த கணக்கனும் அதோடு போனான்.

அந்த இடத்துக்கு எண் வந்தது. வருமான வரி ஆபீஸில் முன்பு வார்டு வாரியாக ஒரு பொதுப் பதிவேடு இருந்து, வரி செலுத்துவோருக்கு அதன் வரிசை எண் ஒன்று வழங்கிவந்தது. 1976-ல் சட்டப் பிரிவு 139-ஏ மூலம் 'பான்' என்னும் நிரந்தரக் கணக்கு எண் கட்டாயமாகி, 1995-ல் இப்போதைய பத்து எழுத்து வடிவம் பெற்று, 2003 முதல் வெளி நிறுவனங்கள் வழியாக அட்டையாக வழங்கப்பட்டது. மறைமலைநகரிலும் மகிந்திரா சிட்டியிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் பெருகியபோது, வேலைக்குச் சேர, அறை வாடகைக்கு எடுக்க, சிம் வாங்க என்று ஒவ்வொன்றுக்கும் இதன் ஜெராக்ஸ் பிரதி கைமாறிற்று. கணினியில் கணக்குத் தாக்கல் செய்த தொடக்கக் காலத்தில், ஒப்புகைத் தாளில் நீலமையால் கையெழுத்திட்டுப் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி தபால் பை எண் 1-க்கு அனுப்பவேண்டும் என்ற விதியாவது இருந்தது. 2015-க்குப் பின் ஓ.டி.பி. போதும் என்றாயிற்று. அந்த ஓ.டி.பி.யோ, வாடிக்கைக்காரர் பெயரில் ஆடிட்டர் தம்முடைய கைப்பேசி எண்ணையே பதிந்துவைத்திருந்தால், அவருக்கேதான் வரும்!

விசித்திரம் என்னவென்றால், ஜாக்கிரதையாகக் காக்கவேண்டிய எண்ணைச் சட்டமே தெருவில் தொங்கவிடுகிறது. ஜி.எஸ்.டி. பதிவு எண்ணைக் கடைப் பெயர்ப் பலகையில் எழுதவேண்டும் என்பது விதி; தமிழ்நாட்டைக் குறிக்கும் 33-ஐத் தள்ளிவிட்டு அடுத்த பத்து எழுத்துகளைப் படித்தால், தனி உரிமையாளர் கடையாயின், அது கடைக்காரருடைய பான் எண்ணேதான். இப்படிக் கிடைக்கும் எண்ணையும், எங்கோ கொடுத்த ஆதார் நகலையும் வைத்துப் போலி வியாபாரம் பதிந்து, சரக்கே இல்லாமல் பில் போட்டு, கூலித் தொழிலாளியின் தலையில் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் இறங்கிய செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். தொழிலுக்குள்ளேயும் கறை உண்டு. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியபோது, வரிக் கணக்குத் தயாரித்துக் கொடுப்பவர்கள் சிலர் பொய்க் கழிவுகளைக் காட்டி ரீஃபண்டு வாங்கித் தந்ததும், அதற்கென்றே தாற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைப் படைத்துப் பின்பு கைவிட்டதால், துறை அனுப்பிய நோட்டீஸ்களை யாருமே படிக்காமல் போனதும் வெளியாயின. பழைய கர்ணத்தின் துர்க்குணம் மட்டும் இவர்களுக்கு வாய்த்தது என்பேன்.

அகப்பட்டவர் நோட்டீஸோடு வந்து நின்றால், யோக்கியமான ஆடிட்டர் முதலில் ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடி, அந்த எண்ணில் எந்தெந்த மாநிலத்தில் என்னென்ன பதிவு இருக்கிறது என்று பார்ப்பார். பிறகு போலீஸ் புகார். அதன் நகலோடு, பதிவுக்காகக் கொடுத்த வாடகை ஒப்பந்தமும் புகைப்படமும் யாருடையவை என்று கேட்டு, குறித்த கெடுவுக்குள் அதிகாரிக்குப் பதில் எழுதுவார். பயந்து பேசாதிருந்தால் வரி உறுதியாகிவிடும். வருமான வரித் தளத்தின் வருடாந்திரத் தகவல் அறிக்கையில், இந்தத் தொகை வேறொரு பான் எண்ணைச் சேர்ந்தது என்று மறுப்புத் தெரிவிக்கவும் வசதி உண்டு. சந்தேகத்துக்கு இடமான புதுப் பதிவுகளுக்கு விண்ணப்பதாரர் சேவை மையத்துக்கு நேரில் வந்து விரலைப் பதிக்கவேண்டும் என்ற முறை இப்போது வந்திருக்கிறது. முன்பே பதிவான போலிகளை அது கலைப்பதில்லையாதலால், ஜூலை மாத நெரிசல் தொடங்குமுன்பே தம் வாடிக்கைக்காரர்களின் எண்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவைப்பது தொழில் தெரிந்தவர்களின் வழக்கமாகி வருகிறது.